வீட்டில் மாட்டுக்கறி பர்கர்: என்னிடம் எல்லாரும் கேட்கிற கேள்விகள்

நான் கோயமுத்தூர் குனியமுத்தூரில் இருக்கிறேன். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பர்கர் போடுகிறேன். கடையெல்லாம் கிடையாது, சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும்தான். சாப்பிட்டுப் போகிறவர்கள் அவரவர் வீட்டில் செய்து பார்த்துவிட்டு போன் போடுகிறார்கள்: உதிர்ந்துபோச்சு, செருப்பு மாதிரி ஆயிருச்சு, வடை மாதிரி வந்திருக்கு. ஒரே சந்தேகத்துக்கு இருபது தடவை பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை உட்கார்ந்து எழுதினேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

ஒரு சொல் விஷயம். பன்னுக்கு நடுவில் வைக்கிற கறியை "பேட்டி" என்று எழுதினால் அமைச்சர் கொடுத்தது போல இருக்கிறது, "பாட்டி" என்று எழுதினால் எங்கள் ஆத்தா ஞாபகம் வருகிறது. அதனால் என் பதில்களில் கருப்பட்டி வட்டு மாதிரி "வட்டு" என்றே சொல்கிறேன்.

ஏனுங்க்கா, ஹாம்பர்கர்னா பன்னிக்கறியா? பேர்லயே ஹாம் இருக்குதே?

இல்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. கொத்திய மாட்டுக்கறியைத் தட்டிச் சுடுகிற "ஹாம்பர்க் ஸ்டேக்" பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவியது, பன்னுக்குள் போய் உட்கார்ந்ததும் அங்கேதான். "பர்கர்" என்று பாதியை வெட்டிக்கொண்டது பிறகு நடந்தது.

உள்ளே என்னென்ன மசாலா போடோணும்?

எதுவும் வேண்டாம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் முதல் தடவை நம்பவில்லை. இரண்டு கிலோ கறி வாங்கி, இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, முட்டை, ரஸ்க் தூள், கொத்தமல்லித் தழை எல்லாம் போட்டுச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து சுட்டேன். தம்பி ஒன்றைத் தின்றுவிட்டு, "அக்கா, பீப் வடை நல்லாருக்கு, பர்கர் எப்பத் தருவே?" என்றான்.

நமக்கு ஏன் அந்த எண்ணம் வருகிறது என்றால், நம் ஊரில் பர்கர் என்று தின்று பழகியதே வேறு. மெக்டொனால்ட்ஸ் 1996-ல் இந்தியாவுக்கு வந்தபோதே மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் இல்லாமல்தான் வந்தது. உருளைக்கிழங்கு டிக்கியும் தூள் ஒட்டிப் பொரித்த கோழியும்தான் நமக்குப் பர்கர். அவற்றுக்கு மசாலா வேண்டும். மாட்டுக்கறி வட்டுக்கு வேண்டியது கறி, கொழுப்பு, உப்பு, மிளகு, அவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுது போட்டால் அதிலுள்ள தண்ணீர் கல்லில் கசிந்து கறி வறுபடாமல் அவிகிறது, விழுதும் கருகுகிறது, போதாததற்கு இஞ்சியில் கறியை இளக்குகிற நொதி வேறு இருக்கிறது, அரைத்த கறியை அது கொழகொழ என்று ஆக்கிவிடும். மசாலா ஆசை இருந்தால் அதற்கு வேறு இடம் இருக்கிறது, காரம் வேண்டாமா என்ற கேள்வியில் சொல்கிறேன்.

கடைக்காரர் "எந்தக் கறி வேணும்"னு கேட்டா முழிக்கிறேன். என்னன்னு கேட்டு வாங்கறது?

முன்னங்கால் சப்பை அல்லது கழுத்தடிக் கறி, எலும்பில்லாமல். அதோடு நெஞ்சுக்கறி கொஞ்சம் கலந்து கொடுத்தால் இன்னும் நல்லது. தொடைக்கறி சுத்தமாக, அழகாக இருக்கும், கடைக்காரரும் அதையே எடுத்து நீட்டுவார், ஆனால் பர்கருக்கு அது வறண்ட கறி. சுக்காவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

உக்கடம், கரும்புக்கடைப் பக்கம் காலையில் நேரமே போனால் நல்ல துண்டாகப் பார்த்து வாங்கலாம், பதினொரு மணிக்கு மேல் போனால் இருப்பதுதான் கிடைக்கும். கொத்துக்கறியாகக் கொத்தி வாங்காதீர்கள். துண்டாக வாங்கி வீட்டில் அரையுங்கள். கடையில் புளியமரக் கட்டையிலோ மிஷினிலோ அதற்கு முன்னால் என்ன கொத்தினார்கள் என்று நமக்குத் தெரியாது, கழிவுத்துண்டும் சவ்வும் அதோடு சேர்ந்து போயிருக்கலாம்.

அது மாடுங்களா எருமைங்களா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கொழுப்பைப் பாருங்கள். எருமைக் கொழுப்பு வெள்ளை வெளேர் என்று இருக்கும், மாட்டுக் கொழுப்பில் மஞ்சள் ஓடும். பச்சைத் தீவனத்தில் இருக்கிற கரோட்டின் மாட்டின் கொழுப்பில் தங்குகிறது, எருமையில் தங்குவதில்லை. எருமைப் பாலும் நெய்யும் வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். கறியின் நிறமும் எருமையில் கொஞ்சம் கருஞ்சிவப்பு.

பர்கருக்கு இரண்டும் ஆகும். எருமைக்கறியில் கொழுப்பு இன்னும் குறைவு, அதனால் அடுத்த பதில் அதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

கொழுப்பு எதுக்குங்க? நாங்க கொழுப்பெல்லாம் வெட்டிப் போடச் சொல்லி வாங்கறவங்க.

போன் போட்டு அழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் தப்பு இதுதான். வட்டு வறண்டுபோவதற்கும் உதிர்வதற்கும் செருப்பு ஆவதற்கும் முதல் காரணம், கறியில் கொழுப்பு இல்லை. வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் "80-20" என்று போட்டிருப்பார்கள், 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு. அங்கே இறைச்சிக்கென்றே தானியம் போட்டு வளர்த்த மாடு, கறிக்குள்ளேயே கொழுப்பு நூல் நூலாக ஓடும். நம் ஊர்க் கடைக்கு வருவது உழுது, வண்டி இழுத்து, பால் கறந்து ஓய்ந்த உருப்படி. அதன் கறியில் சுவை இருக்கும், கொழுப்பு இருக்காது. குறிப்பில் உள்ளதை அப்படியே பார்த்து நம் கறியில் செய்தால் செருப்புதான் வரும்.

அதனால் கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 800 கிராம் கறிக்கு 200 கிராம் கொழுப்பு. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார். நெஞ்சுப் பக்கத்துக் கொழுப்பாகக் கேளுங்கள். குண்டிக்காயை (சிறுநீரகத்தை) சுற்றியிருக்கிற கொழுப்பு கெட்டியாக, பொடிப்பொடியாக உதிரும், அரைக்கச் சுலபம், ஆனால் அது நம் உடம்புச் சூட்டில் உருகாத ரகம். பர்கர் கொஞ்சம் ஆறினால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். வேறு வழியில்லை என்றால் அதைப் போட்டுவிட்டுச் சுடச்சுடத் தின்றுவிடுங்கள்.

உடம்புக்கு ஆகாதே என்பீர்கள். கல்லில் கொஞ்சம் உருகி வெளியே வந்துவிடும். மீதி உள்ளே போவது உண்மைதான், அதற்காகத்தான் இது வாரம் ஒருநாள் சாப்பாடு.

கறியை மஞ்சள் போட்டு மூணு தண்ணி கழுவித்தான் எங்களுக்குப் பழக்கம். கொத்துக்கறியை எப்படிக் கழுவறது?

கழுவக் கூடாது, கழுவவும் முடியாது. அரைத்த கறி பஞ்சு மாதிரித் தண்ணீரைக் குடித்துவிடும். கழுவாமல் மனசு கேட்காது என்றால் துண்டாக இருக்கும்போதே ஒரு தடவை அலசி, சுத்தமான துணியில் ஈரம் போக ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் அரையுங்கள். துண்டாக வாங்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கழுவினால் கிருமி போவதில்லை, சிங்க்கிலும் பக்கத்தில் இருக்கிற பாத்திரத்திலும் தெறிப்பதுதான் மிச்சம். கிருமியைக் கொல்வது சூடு மட்டும்தான்.

மிக்ஸில அரைச்சா ஆகாதுங்களா? கைமா மிஷின் எங்கிட்ட இல்ல.

தாராளமாக ஆகும், குளிர்ச்சி இருந்தால். கறியையும் கொழுப்பையும் முக்கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் அரை மணிநேரம் வையுங்கள், ஓரமெல்லாம் விறைத்து நடுவில் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். ஜாரையும் கூடவே வையுங்கள். ஒரு தடவைக்கு 200 கிராம்தான். ஓட விடாமல் விட்டு விட்டு, ஒரு ஒரு நொடியாக எட்டுப் பத்துத் திருப்பு. மிளகு அளவுக்குப் பொடிந்ததும் நிறுத்திவிடுங்கள். விழுதாகிவிட்டால் திரும்பி வராது, அன்றைக்குக் கோலா உருண்டை செய்துகொள்ளலாம்.

குளிர்ச்சி எதற்கு என்றால், கறி சூடாக இருந்தால் கொழுப்பு வெட்டுப்படாமல் நசுங்கிக் கறி மேலெல்லாம் பூசிக்கொள்ளும், கல்லில் போட்டதும் மொத்தமாக உருகி ஓடிவிடும். நம் கடைகளில் கறி காலையில் அறுத்த சூட்டோடுதான் கைக்கு வருகிறது, ஐஸ் வைத்த கறி இல்லை. அதனால் முதல்நாளே வாங்கி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அரைப்பது என் வழக்கம்.

வீட்ல கிரைண்டர் இருக்குது, அதுல போடலாமா?

கோயமுத்தூரில் இதைக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். புவிசார் குறியீடு வாங்கிய கிரைண்டர்தான், பெருமையான விஷயம்தான், ஆனால் அது கல்லால் நசுக்குகிற சாமான். கறி நசுங்கக் கூடாது, வெட்டுப்பட வேண்டும். அப்புறம் அந்தக் கிரைண்டரில் இட்லிக்கு யார் ஆட்டுவது?

மாட்டுக்கறி குக்கர்ல ஆறு விசில் விட்டாத்தான் வேகுது. இது தோசைக்கல்லுல எட்டு நிமிசத்துல எப்படி வேகும்?

நல்ல கேள்வி. குக்கரில் நாம் ஆறு விசில் விடுவது கறி வேக இல்லை, இளக. மாட்டுக்கறியில், அதுவும் உழைத்த மாட்டின் கறியில், தசையைக் கட்டியிருக்கிற சவ்வு கெட்டியானது. அது கரைந்து கொழகொழவென்று ஆவதற்கு நிறைய நேரம் சூடு வேண்டும். பர்கரில் அந்த வேலையைக் கத்தி செய்துவிடுகிறது. நாரையெல்லாம் நாலைந்து மில்லிமீட்டராக வெட்டிவிட்டால் பல்லுக்கு மெல்ல என்ன இருக்கிறது? மிச்சம் இருப்பது உள்ளே சூடு ஏறுவது மட்டும், அதற்கு எட்டு நிமிஷம் போதும்.

வெட்டும்போது கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைச் சவ்வையும் நரம்பையும் உரித்துப் போட்டுவிடுங்கள். மிக்ஸி பிளேடில் சுற்றிக்கொள்வதும், வாயில் ரப்பர் மாதிரி மாட்டுவதும் அதுதான். பப்பாளிக்காய் விழுதெல்லாம் வேண்டாம்.

உப்பை எப்பப் போடறது? அரைக்கும்போதே போட்டா நல்லாச் சேருமில்ல?

சேரும், அதுதான் பிரச்சினை. உப்பு கறியிலிருக்கிற புரதத்தைக் கரைத்துப் பசை ஆக்குகிறது. சாசேஜ் செய்கிறவர்கள் அதற்காகவே உப்புப் போட்டுப் பிசைகிறார்கள். பர்கரில் அப்படிச் செய்தால் கடித்தால் துள்ளும், ரப்பர் பந்து மாதிரி. வட்டு தட்டியாச்சு, கல் காய்ந்தாச்சு, இனி போட வேண்டியதுதான் என்ற நிமிஷத்தில் இரண்டு பக்கமும் மேலாகத் தூவுங்கள். ஒரு வட்டுக்கு மொத்தம் கால் டீஸ்பூன். மிளகுத்தூளும் அப்போதே.

நம்பிக்கை இல்லை என்றால் ஒரே கறியில் ஒன்றைப் பிசைந்தும் இன்னொன்றைப் பிசையாமலும் சுட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் திருந்தினார்.

முட்டை, ரஸ்க் தூள் எதுவும் போடலைன்னா உதிர்ந்து போகுதே?

உதிர்ந்தால் மூன்றில் ஒன்று: கொழுப்பு இல்லை, கறி குளிர்ச்சியாக இல்லை, இல்லாவிட்டால் போட்ட உடனே திருப்பியிருக்கிறீர்கள். முதல் இரண்டும் மேலே சொல்லியாச்சு. மூன்றாவது, கல்லில் போட்ட கறி முதலில் ஒட்டும், அடிப்பக்கம் நன்றாகச் சிவந்து மொறுமொறுப்பு ஏறியதும் தானாகவே விடும். தோசை மாதிரித்தான், வேகாத தோசையைச் சுரண்டினால் கிழியாமல் என்ன செய்யும்?

எவ்வளவு பெருசாத் தட்டோணும்? சுட்டா போண்டா மாதிரி உப்பி நிக்குது.

ஒரு வட்டுக்கு 140 கிராம் எடுங்கள், ஒரு கிலோவில் ஏழு வரும். ஒன்றரை சென்டிமீட்டர் கனம். பன்னை விட ஒரு விரல் அகலம் கூடவே இருக்கட்டும், சுடும்போது சுருங்கும், எடையிலேயே கால் பங்கு வரை போய்விடும். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அமுக்கிவிடுங்கள். ஓரம் முதலில் சுருங்கி நடுவை நெருக்குவதால்தான் போண்டா ஆகிறது, குழி வைத்தால் அது மேடேறி மட்டமாகிவிடும். கையில் போட்டு அடித்து உருட்டாதீர்கள், உருண்டை நிற்கிற அளவுக்குச் சேர்த்துத் தட்டினால் போதும்.

நான்ஸ்டிக் பேனா, தோசைக்கல்லா? தீ எவ்வளவு?

இரும்புத் தோசைக்கல். கனம் இருப்பதால் குளிர்ந்த கறி விழுந்தாலும் சூடு இறங்காது. நாலைந்து நிமிஷம் காய விடுங்கள், தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓட வேண்டும். கடலை எண்ணெய் துணியால் தொட்டுத் தடவினால் போதும், மற்றதைக் கறியே கொடுக்கும். கறியில் அந்தப் பழுப்பு நிறமும் வாசமும் வருவதற்கு 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கல்லில் தண்ணீர் தேங்கிவிட்டால் அது 100 டிகிரியைத் தாண்ட விடாது, அதனால் ஒரே நேரத்தில் நாலைந்தை நெருக்கிப் போடாதீர்கள்.

முதல் பக்கம் 4 நிமிஷம், திருப்பிப் போட்டு 4 நிமிஷம், தீ நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல். கடைசி ஒரு நிமிஷத்தில் சீஸ் வைத்து மூடிவிட்டால் உருகிவிடும். கரண்டியால் அமுக்காதீர்கள். சொய் என்று சத்தம் கேட்க ஆசையாக இருக்கும், அந்தச் சத்தம் நீங்கள் கேட்டு வாங்கிய கொழுப்பும் சாறும் போகிற சத்தம்.

வெளிநாட்டுல நடுவுல சிவப்பா வெச்சுச் சாப்பிடறாங்களே, நாமளும் செய்யலாமா?

வேண்டாம். ஸ்டேக் என்றால் முழுத் துண்டு, கிருமி இருந்தால் மேல்பரப்பில் இருக்கும், கல்லில் பட்டதும் செத்துவிடும். அரைத்த கறியில் மேல்பரப்பு எல்லாம் உள்ளே போய்விடுகிறது. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கர் தின்று ஈ.கோலை கிருமியால் 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நாலு குழந்தைகள் இறந்தார்கள். அங்கேயே அரைத்த மாட்டுக்கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும் என்றுதான் அரசு சொல்கிறது. நம் கறியோ கடையில் வெளியில் தொங்கிய கறி. யோசித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வேகும் முன்பே பழுப்பாகிற கறியும் உண்டு, வெந்த பிறகும் சிவப்புத் தெரிகிற கறியும் உண்டு. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பக்கவாட்டில் நடு வரை குத்திப் பாருங்கள். கொழுப்பு சரியாக இருந்தால் 71-லும் சாறு இருக்கும், அதனால்தான் கொழுப்பு கொழுப்பு என்று உயிரை விடுகிறேன்.

ஸ்மாஷ் பர்கர்னு சொல்றாங்களே, அமுக்கக் கூடாதுன்னீங்க, அதுல அமுக்கறாங்களே?

அமுக்கும் நேரம் வேறு. அதில் 70 கிராம் உருண்டையைக் குளிர்ச்சியாகவே கல்லில் வைத்து, முதல் பத்து நொடிக்குள் ஒரே அழுத்தில் அப்பளம் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அப்போது கொழுப்பு இன்னும் உருகவில்லை, போக எதுவும் இல்லை. அரை நிமிஷம் கழித்து அமுக்கினால்தான் எல்லாம் போகும். பட்டர் பேப்பர் ஒன்றை மேலே வைத்து, அடி தட்டையான கனத்த பாத்திரத்தால் அழுத்துங்கள். ஒன்றரை நிமிஷத்தில் ஓரம் சரிகை மாதிரி மொறுமொறுப்பாகும், கரண்டியால் சுரண்டித் திருப்பி, சீஸ் வைத்து, ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடலாம். இரண்டை அடுக்கி ஒரு பன்னில்.

என்னைக் கேட்டால் நம் ஊர்க் கறிக்கும் தோசைக்கல்லுக்கும் இதுதான் பொருத்தம். மெல்லிசாக இருப்பதால் வேகாத பயம் இல்லை, தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் இதையே செய்யலாம். கனமான வட்டில் கொழுப்புக் குறைந்தால் தெரிந்துவிடும், இதில் மொறுமொறுப்பு அதை மறைத்துவிடும்.

பேக்கரி பன் இனிக்குது, நனைஞ்சு பிஞ்சும் போகுது. என்ன பண்றது?

பேக்கரியில் முதல்நாள் சொல்லிவைத்தால் சர்க்கரை குறைத்து, நாலு அங்குல அகலத்தில் போட்டுக் கொடுக்கிறார்கள், பத்து இருபது எடுப்பதாக இருந்தால். நனைவதற்கு வழி, வெட்டிய பக்கம் வெண்ணெய் தடவிக் கல்லில் பொன்னிறமாகச் சுடுவதுதான். அது ஒரு தோல் மாதிரி நின்று சாற்றைத் தடுக்கும்.

வீட்டிலேயே ஓவன் இருந்தால்: மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 280 மில்லி, முட்டை 1, வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 30 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். பத்து நிமிஷம் பிசைந்து (இதைப் பிசையலாம்!), ஒரு மணிநேரம் பொங்க விட்டு, பத்து உருண்டையாக்கித் தட்டி, மறுபடி முக்கால் மணிநேரம் விட்டு, 190 டிகிரியில் 15 நிமிஷம்.

மயோனைஸ் தடை பண்ணிட்டாங்கன்னாங்களே?

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது பச்சை முட்டையில் செய்த மயோனைஸை விற்பதற்கு. முட்டை இல்லாத மயோனைஸ் அதில் வரவில்லை. வீட்டில் பாலிலேயே செய்யலாம்: குளிர்ந்த பால் 60 மில்லி, வாசமில்லாத எண்ணெய் 150 மில்லி, கடுகு விழுது அரை ஸ்பூன், உப்பு. எண்ணெயை நூலாக விட்டுக்கொண்டே பிளெண்டரில் அடித்தால் கெட்டியாகும், கடைசியில் எலுமிச்சை. அதில் தக்காளி சாஸும் பொடியாக நறுக்கிய ஊறுகாய் வெள்ளரியும் கலந்தால் பர்கர் சாஸ் முடிந்தது.

ஊறுகாய் வெள்ளரி கிடைக்காவிட்டால் சின்ன வெங்காயத்தை நறுக்கிச் சம அளவு வினிகர், தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, உப்பில் அரை மணிநேரம் ஊற வையுங்கள். கொழுப்பான கறிக்குப் பக்கத்தில் ஒரு புளிப்பு இருந்தே ஆக வேண்டும். நான் பெரிய வெங்காயத்தை விட இதைத்தான் வைக்கிறேன்.

நம்மூர் ருசியே இல்லாம இருக்குது அம்மணி, காரம் வேண்டாமா?

இது பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டது, நியாயமான கேள்வி. காரத்தைக் கறிக்கு மேலே வையுங்கள். பள்ளிபாளையம் சிக்கனுக்குச் செய்வது மாதிரியே: வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, நல்ல எண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு வதக்கி, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, மஞ்சள், உப்பு. தண்ணீர் விடாமல் சுருள வதக்க வேண்டும். சீஸ் உருகின வட்டின் மேல் ஒரு கரண்டி. பெரியம்மா இப்போது மாதம் ஒருமுறை அவரே தேங்காய் கீறிக் கொண்டுவந்து தருகிறார்.

செஞ்சு ஃப்ரீசர்ல வெச்சுக்கலாமா? கரண்ட் போனா?

சுடாத வட்டுகளை, உப்பில்லாமல், நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி, காற்றுப் போகாமல் மூடினால் இரண்டு மாதம் நன்றாக இருக்கும். முதல்நாள் ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு இறக்கிவிடுங்கள், வெளியில் வைத்து இளக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் இருந்து சாயங்காலம் வரை கரண்ட் எடுக்கிற நாளில் ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தால் போதும், நிறைந்த ஃப்ரீசர் ஒருநாளுக்கு மேலேயே தாங்கும். முழுதாக இளகி வெதுவெதுப்பாகிவிட்ட கறியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரிதானுங்களே? வாங்கிட்டு வரும்போது பயமா இருக்குது.

தமிழ்நாட்டில் மாட்டுக்கறி வாங்குவதற்கும் சமைப்பதற்கும் தின்பதற்கும் தடை இல்லை. 1958-ம் வருஷத்து விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 10 வயது தாண்டி, வேலைக்கும் கன்று போடவும் உதவாத உருப்படியைச் சான்றிதழ் வாங்கி அறுக்கலாம், பசுவையும் கிடாரியையும் அறுக்க 1976-ல் அரசாணை போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அது அறுக்கிறவர்கள் பார்க்க வேண்டிய சங்கதி.

எங்க மாமியார் வீட்ல மாட்டுக்கறி ஆகாது. காங்கேயம் மாடு கட்டியிருக்கிற வீடு. ஆட்டுக்கறில செய்யலாமா?

செய்யலாம், நன்றாகவும் இருக்கும். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடித்துப் படையல் வைக்கிற வீட்டில் போய் வாதாட வேண்டாம், எங்கள் அம்மா வழியிலும் பாதிப் பேர் தொட மாட்டார்கள். வெள்ளாட்டை விடச் செம்மறியில் கொழுப்பு அதிகம், மேச்சேரி ஆட்டுக்கறி கிடைத்தால் வாங்குங்கள். முன்சப்பைக் கறியாக எடுத்து, மேலே சொன்ன கணக்கிலேயே கொழுப்பு சேர்த்து, அரைப்பதும் சுடுவதும் எல்லாம் அப்படியேதான். வாடை பிடிக்காது என்பவர்கள் ஆட்டுக் கொழுப்பில் பாதியைக் குறைத்து ஸ்மாஷாகச் செய்யுங்கள். கோழி என்றால் தொடைக்கறி, உள்ளே 74 டிகிரி.

ஒரே வீட்டில் தின்கிறவர்களும் தின்னாதவர்களும் இருந்தால் கல்லையும் கத்தியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், தோசைக்கல்லை இதற்கென்றே ஒன்று வாங்குங்கள், கொழுப்புப் பட்ட கல்லில் அடுத்தநாள் தோசையும் வாடையடிக்கும். விளையாட்டுக்குக்கூட, மட்டன் என்று சொல்லி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அப்படி ஒரு கூத்து எங்கள் சொந்தத்தில் நடந்து இரண்டு குடும்பம் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

பதினஞ்சு பேர் வர்றாங்க, எல்லாருக்கும் சூடா எப்படிக் குடுக்கறது? மிஞ்சுனா என்ன பண்றது?

பதினைந்து பேருக்கு ஸ்மாஷ்தான். கொழுப்போடு சேர்த்து இரண்டு கிலோ நூறு கிராம் கறி, 30 உருண்டை, முதல்நாளே உருட்டி ஃப்ரிட்ஜில். இரண்டு அடுப்பு, இரண்டு கல், ஒருவர் பன் சுட, ஒருவர் கறி பார்க்க. வந்தவர்களை வரிசையில் நிற்க விடுங்கள், மொத்தமாகச் சுட்டு ஹாட்பேக்கில் வைத்தால் மொறுமொறுப்பு எல்லாம் ஆவியில் போய்விடும். தலைக்கு இரண்டு உருண்டை, அதற்கு மேல் கேட்கிறவர்களுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ்.

மிஞ்சினால் அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் உதிர்த்து, இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு முட்டை ஊற்றிக் கொத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே ரெண்டு வட்டை ஒளித்து வைக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார்.